காம்பு கிள்ளிய வெற்றிலை

நான் பிறந்தது கொழுந்து நிறுக்கும் நேரம். அம்மாவிடம் இதற்கு மேல் ஒரு நிமிடக் கணக்குக்கூடக் கிடைக்காது. மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். எந்த நிறுவையின்போது என்று கேட்டால், "பனியா இருந்துச்சு புள்ள" என்பாள். எங்கள் மலையில் பனி எப்போதுதான் இல்லை.

இத்தனை வருடம் இது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. தோஹாவில் நான் கணக்கு வேலை பார்க்கும் கட்டடத்தில் குளிர்சாதன எந்திரங்களைக் கவனிக்கிறவர் தாணு. கன்னியாகுமரி மாவட்டம், கொட்டாரத்துக்காரர். எங்கள் பழக்கம் கல்யாணப் பேச்சாக மாறியபோது, ஊரிலிருந்த அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: பிள்ளையின் ஜாதகம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஜாதகம் எழுத வேண்டுமானால் முதலில் எழுதத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த முதல் ஆள் நான்தான். பிறந்த அன்றே எழுந்து உட்கார்ந்து நானே எழுதிக்கொண்டிருக்க முடியாது.

"ஜாதகம் இல்லேன்னா பிரசன்னம் வச்சுப் பாக்கலாம். பிள்ளைய ஒருக்க இங்க வரச் சொல்லு" என்றாராம் தாணுவின் அம்மா. தாணுவுக்கு விடுமுறை இல்லை. எனக்கு இருந்தது. அதனால் என் கல்யாணத்துக்கு நான் மட்டும் புறப்பட்டேன்.

பிரசன்னத்தைப் பற்றி வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். பிறந்த நேரம் அதற்குத் தேவையில்லை. கேள்வியோடு ஜோதிடரிடம் போகிற நேரம்தான் முக்கியம். அந்தக் கணத்துக் கிரக நிலையை வைத்துக் கட்டம் போட்டுப் பலன் சொல்வார்கள். கேள்வியும் ஒரு குழந்தை மாதிரி, அது பிறக்கும் நேரத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு என்பது கருத்து. யோசித்துப் பார்த்தால் அழகான கருத்து. சோழி உருட்டுவார்கள் என்றும் போட்டிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கன்னியாகுமரியில் முதல் வேலையாகத் தேநீர்க் கடைக்குப் போனேன். தேயிலை நாட்டுக்காரிக்கு எந்த ஊர் டீயும் ஒரு பரீட்சைத் தாள்தான். கடைக்காரர் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு முழ நீளத்துக்கு ஆற்றி நுரையோடு நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். பாலும் சீனியும் நன்றாக இருந்தன. தேயிலையைத்தான் காணவில்லை.

"எந்த ஊரு மக்கா?" என்றார்.

"இலங்கை. மலையகம்."

"அதான் டீயக் கண்டதும் மொகம் இப்பிடிப் போகுது. நல்ல தூளெல்லாம் கப்பல் ஏத்திருவியோ. எங்களுக்கு அடிச் சட்டியில கெடக்கது."

எங்களுக்கும் அதுதான் கிடைக்கும் என்று சொன்னேன். சட்டென்று உறவு வந்துவிட்டது. கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்து எடுத்துக் கொடுத்தார். பயறும் கருப்பட்டியும் பிடித்துப் பொரித்த உருண்டை. தேர்வில் டீ தோற்றாலும் ஊர் பாஸாகிவிட்டது.

அங்கிருந்து கொட்டாரம் பக்கம்தான். இரண்டு புறமும் வயல், நடுவில் தாமரை பூத்த குளங்கள், பின்னால் திடீரென்று முடிந்துபோகிற மலை. எங்கள் மலைகள் முடியவே முடியாது, ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இங்கே மலைக்குக் கடல் வந்ததும் நிற்கத் தெரிந்திருக்கிறது.

தாணுவின் அம்மா பகவதியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல்.

"வந்தியா மக்களே. வழி எல்லாம் தெரிஞ்சுதா? வா, கையக் கழுவிட்டு இரி."

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார். கூடவே தேங்காயைக் கருக வறுத்து அரைத்த தீயல். நான் மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதை அவர் மறைக்காமல் பார்த்தார். மட்டிப் பழத்தை உரித்துக்கொண்டே கேள்விகளை ஆரம்பித்தார்.

"சொந்த ஊரு எது?"

"மஸ்கெலியா."

"அது தெரியும். அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்னயும் மஸ்கெலியாதான்."

"அதுக்கும் முன்ன இங்க எங்கயோ இருந்துதானே போயிருப்பிய?"

"போனவங்க சொல்லிட்டுப் போகலை. கேட்டு எழுதி வைக்கவும் ஆள் இல்லை."

பகவதியம்மா பழத்தை என் கையில் கொடுத்தார். கேள்வி ஊரைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை. ஆனால் ஜாதகம் என்பது "வேண்டாம்" என்று சொல்வதற்கு மரியாதையான ஒரு வழியாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கி இருந்தது. காம்பைக் கிள்ள விரல் மடங்காமல் பல்லால் கடித்துத் துப்பினார். "இந்தச் சவத்து வெரலு" என்று விரலையே திட்டினார்.

மாலையில் தாணுவை அழைத்தேன்.

"பிரசன்னம் நல்லா வந்தா அம்மை மறுபேச்சு பேசாது" என்றார்.

"வரலைன்னா?"

"அத அப்புறம் பாத்துக்கிடலாம்."

அந்த "அப்புறம்" எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கில் "அப்புறம்" என்று ஒரு பத்தி கிடையாது. இவர்கள் வேண்டாம் என்றால் அழாமல் விமானம் ஏறுவது, கேட்டு நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு தூங்கினேன். தூக்கம் நன்றாகவே வந்தது. தீயலின் புண்ணியம்.

ஜோதிடர் இருந்தது மார்த்தாண்டத்துக்கு அப்பால். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். "உச்சைக்கு முன்ன போயிரணும்" என்று பகவதியம்மா இரண்டு தடவை சொன்னார். வெயிலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாகர்கோவிலில் பஸ் மாறும் இடத்தில் கொஞ்சம் வெற்றிலையும் பாக்கும் வாங்கி என் கையில் கொடுத்தார்.

"இத நீயே பிடி. ஒங்கையாலதான் ஜோசியர்ட்ட குடுக்கணும். எத்தனன்னு எண்ணாண்டாம்."

பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெற்றிலை கொண்டுபோவது எங்களிடமும் உண்டு. கொடுக்கிற பொருளை எண்ணாமல் கொடுப்பதும் மரியாதைதானே. தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் ஜெபமாலை, காலடியில் காலி அலுமினியப் பாத்திரம். விற்றுத் தீர்த்த சந்தோஷத்தில் இருந்தார். பகவதியம்மாவும் அவரும் முன்பின் அறியாதவர்கள். இரண்டு நிறுத்தத்துக்குள் எங்கள் கதை முழுக்க அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்ல பாத்துக்க. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம சாமியார் ஓலை வாசிப்பாரு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை உண்டுமான்னு. ஒருத்தரும் வாயத் தொறக்கல்லேன்னா தாலி கெட்டு."

"யாராவது வாயத் தொறந்தா?" என்று கேட்டேன்.

"எங்க ஊருல வாயத் தொறக்காத ஆளு யாரு இருக்கா? மூணு ஞாயிறும் எங்க அம்மை வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையா மொறச்சுக்கிட்டு இருந்தா. அப்பிடித்தான் எனக்குக் கெட்டு நடந்துது."

பகவதியம்மா சிரித்துவிட்டு, "நீ பெறந்த நேரமாவது தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்ன? எங்க அப்பன் வலைய இழுத்துக் கரையில போட்ட நேரம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் கட்சி சேர்ந்தது போல ஆகிவிடும்.

தக்கலை தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். நடத்துநர் அவர் பார்ப்பதைப் பார்த்தார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் அரை மணி நேரத்தில் யாராவது பாட ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் ஓட்டுநருக்கு யோசனை சொன்னார்கள். குவைத்தில் வண்டி ஓட்டியவர் ஒருவர் இருந்தார், அவர் சொன்ன யோசனைதான் மிக நீளம். மீன்காரப் பெண் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் பகவதியம்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண் அசந்துவிட்டார். எனக்குச் சும்மா உட்கார வராது. மடியில் வெற்றிலை இருந்தது. கைக்குட்டையை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கையில் காம்போடு வெற்றிலை கொடுக்க மாட்டோம். வாயில் போட வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி கொடுக்க வேண்டும். நுனியைக் கிள்ளினேன், காம்பைக் கிள்ளினேன், ஓட்டை விழுந்தவற்றைத் தூர எறிந்தேன், மிச்சத்தை ஒரே அளவாக அடுக்கினேன். ஜோதிடர் எடுத்தது போக மீதியைப் பகவதியம்மாவும் பல் நோகாமல் போட்டுக்கொள்வார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வேறு பஸ் பிடித்தோம். மார்த்தாண்டத்தின் நெரிசலில் ஊர்ந்து, அங்கிருந்து ஆட்டோவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் இறங்கும்போது உச்சி தாண்டிவிட்டது. பகவதியம்மா சூரியனைப் பார்த்து ஏதோ முனகினார்.

ஜோதிடருக்குத் தாடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாற்பதுகளில் இருந்த, மழுங்கச் சிரைத்த மனிதர். மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் சோழிகள், பின்னால் பட்டுத் துணியில் சுற்றிய ஓலைச் சுவடிகள். அன்றாடம் புரட்டுவது ஓரம் கிழிந்த ஓர் அச்சுப் புத்தகத்தைத்தான். மலையாள எழுத்தில் சமஸ்கிருதச் சுலோகங்கள்.

"வா எக்கா. பைய இரி" என்றார் பகவதியம்மாவிடம். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கின் கீழ் விரலை வைத்து எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று பார்த்தார். நான் எந்தத் திசையில் நிற்கிறேன், கையால் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொண்டார். நான் துப்பட்டாவை விட்டுவிட்டு நேராக நின்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

"பேரு?"

"ரேவதி."

"நட்சத்திரமும் அதுதானா?"

"இல்லைங்க. எங்க தோட்ட ஆஸ்பத்திரி நர்ஸோட பேரு."

அவர் சிரித்தார். நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் விளக்கினார். கிரக கணிதம் ஒரு பிரிவு; மழை, விளைச்சல், நாட்டு நிலை பார்ப்பது இன்னொன்று; மனிதனுக்குப் பலன் சொல்வது மூன்றாவது. மூன்றும் தெரியாதவன் ஜோசியன் இல்லை என்று பழைய நூல்கள் சொல்கின்றனவாம். பிரசன்னத்தில் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வந்தவரைப் பார்க்க வேண்டும் என்பதும் நூல் விதிதானாம். எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு கவனமாக என்னை எந்த நேர்முகத் தேர்விலும் யாரும் பார்த்ததில்லை. எங்கள் நாட்டில் சித்திரைப் புத்தாண்டுக்கு அடுப்பு மூட்டவே நல்ல நேரம் குறித்து ஊர்முழுக்கக் காத்திருப்போம் என்றேன். "அடுப்புக்கே நேரம் உண்டு, ஒனக்கு இல்லியா" என்றார்.

"செரி, தாம்பூலம் எடு பிள்ளே."

சோழியைத்தான் எடுப்பார் என்று எதிர்பார்த்த நான் வெற்றிலையை நீட்டினேன். அவர் வாங்கிப் பிரித்தார். மேல் இலையைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அடுக்கு முழுவதையும் விசிறி போல விரித்தார்.

"எக்கா, இது என்னது? வெத்திலைக்கெல்லாம் மொட்டை போட்டுக் கொண்டாந்திருக்கு."

பகவதியம்மா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீயா?"

ஜோதிடர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. நாங்கள் கொண்டுவந்தது காணிக்கை இல்லை. அதுதான் கேள்வித்தாள். முதல் பன்னிரண்டு இலைகளும் பன்னிரண்டு பாவங்கள், அதாவது ஜாதகக் கட்டத்தின் வீடுகள். உடல், குடும்பம், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை. ஏழாவது இலை கல்யாணம். உச்சிக்கு முன்னால் வந்தால் மேலிருந்து எண்ண வேண்டும், பின்னால் வந்தால் கீழிருந்து. எந்த இலையில் கிழிசலோ வாட்டமோ ஓட்டையோ இருக்கிறதோ, வாழ்க்கையில் அந்த இடத்தில் கேடு. நுனியும் காம்பும் இல்லாத இலை மூளி இலை. நான் பன்னிரண்டு பாவங்களையும் என் நகத்தாலேயே கிள்ளிவிட்டிருந்தேன்.

"ஓட்டை இருந்ததையெல்லாம் எறிஞ்சிட்டேன்" என்றேன், அதுவாவது நல்லது என்று நினைத்து.

"அந்த ஓட்டையத்தான் பிள்ளே நாங்க பாக்கது."

இருந்தாலும் எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்று அவர் எண்ணினார். இருபது. அதை இரட்டித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, ஏழால் வகுத்தால் வரும் மீதிதான் கிரகம். அவர் கணினிப் பக்கம் திரும்பும் முன்பே "மிச்சம் அஞ்சு" என்றேன். வாய் சும்மா இருக்காது.

"அஞ்சுன்னா குரு. ஒண்ணாந்தரம்" என்றார். பகவதியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா நீ எறிஞ்சதையும் சேக்கணும்லா. எத்தன எறிஞ்சே?"

"ரெண்டு. இல்லைன்னா மூணு."

"ரெண்டுன்னா புதன். மூணுன்னா சனி. ரெண்டா மூணா?"

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மூன்று நிறுவையில் எந்த நிறுவை என்று தெரியாத அம்மாவுக்கு நான் சரியான மகள்தான்.

ஜோதிடர் கிழிந்த புத்தகத்தைப் புரட்டினார். வாடிய இலைக்கு விதி இருந்தது. பூச்சி அரித்த இலைக்கு இருந்தது. தின்பதற்குத் தயார் செய்த இலைக்கு இல்லை. "நான் எதை வச்சுச் சொல்ல?" என்றார். கதை கட்டி ஏமாற்றாமல் அப்படிச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. இதே கேள்வியை உடனே திருப்பிக் கேட்பதும் சாஸ்திரத்துக்கு ஆகாதாம்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம். நஷ்ட ஜாதகம்னு ஒரு முறை உண்டு. பெறந்த நேரம் தொலைஞ்சவங்களுக்கு, கேள்வி கேட்ட நேரத்த வச்சு, பெறந்த நேரத்தக் கண்டுபிடிச்சு எழுதலாம். அதுக்கும் நூலு இருக்கு."

பகவதியம்மா என்னைப் பார்த்தார். தலையாட்டினால் போதும், ஒரு ஜாதகம் கிடைக்கும், பொருத்தம் பார்க்கலாம். தோஹாவில் ஒருவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வேணாங்க" என்றேன். "எனக்கு நேரம் தொலையல. எங்க அம்மா கொழுந்து நிறுக்கிற நேரம்னு சொல்லியிருக்கு. அதை மாத்தி இன்னொண்ணு எழுத மாட்டேன்."

விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"எதுக்குக் கிள்ளினே?" என்றார் பகவதியம்மா.

"பெரியவங்களுக்குக் காம்போட குடுக்க மாட்டோம். உங்க விரலும் மடங்கலையே."

அவர் தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜோசியரே, எனக்க ஜாதகத்துல நேரம் யாரு எழுதினா தெரியுமா? எங்க அப்பன் வயலுக்கு மடை திருப்பப் போனாரு. வந்து பாத்தா நான் பெறந்து கெடக்கேன். மடை திருப்பின நேரம்னு அதுக்கு ஒரு நாழிகை போட்டு எழுதினாவ. அத வச்சுத்தான் பத்துப் பொருத்தமும் பாத்து என்னக் கெட்டிக் குடுத்தது."

"அது அந்தக் காலம், எக்கா."

"எந்தக் காலமானாலும் மடை மடைதான்."

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த வெற்றிலை அடுக்கைத் தன் பக்கம் இழுத்தார். கீழிருந்து ஒவ்வொன்றாக விரலால் தள்ளி, ஓர் இலையை உருவினார். மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினார். பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டார்.

ஜோதிடர் பதறிப்போய், "எக்கா, அது ஏழாம் பாவம்" என்றார்.

"தெரியும். எண்ணித்தானே எடுத்தேன்."

திரும்பி வரும்போது பஸ் எங்கும் நிற்கவில்லை. மறுநாள் மண்டைக்காட்டுக்குப் போக வேண்டும், இந்தக் காரியம் கூடினால் பகவதி அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பதாக நேர்ந்திருக்கிறேன் என்றார் பகவதியம்மா. எப்போது நேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "நீ வாறேன்னு சொன்ன அன்னைக்கே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாணு அழைத்தார். அம்மாவிடம் கொடுத்தேன். வாய் நிறைய வெற்றிலை. பேச முடியாமல் தொலைபேசியை என் பக்கமே தள்ளினார். பிறகு இன்னொரு இலைக்காக உள்ளங்கையை நீட்டினார்.

"என்னாச்சு? ஏழாம் எலை எப்பிடி இருந்துதாம்?" என்றார் தாணு.

"தெரியலை" என்றேன். "உங்க அம்மா தின்னுட்டாங்க."